உயிர் காத்த கம்பி வலை!

நிலக்கரிச் சுரங்கத்துக்குள் பட்டப்பகலிலும் கும்மிருட்டுதான். விளக்கு இல்லாமல் அங்கே வேலை செய்ய முடியாது. ஆனால், அந்த விளக்கே ஒரு காலத்தில் எமனாக இருந்தது தெரியுமா?

நிலக்கரியிலிருந்து மீத்தேன் என்ற வாயு கசியும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது காற்றில் போதிய அளவு கலந்திருக்கும்போது ஒரு மெழுகுவர்த்திச் சுடர் பட்டால் போதும், பயங்கரமாக வெடிக்கும். 1812 மே 25-ல் இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கத்தில் நடந்த வெடிவிபத்தில் 92 பேர் இறந்தனர். அவர்களில் உங்கள் வயதுச் சிறுவர்களும் உண்டு.

இதற்கு ஒரு வழி சொல்லும்படி ஹம்ப்ரி டேவி என்ற வேதியியல் அறிஞரை வேண்டிக்கொண்டனர். 1815-ல் அவர் ஒரு விளக்கைச் செய்தார். எண்ணெய் விளக்கின் சுடரைச் சுற்றி மிக நெருக்கமான கம்பி வலை. அவ்வளவுதான்!

'வலையில் ஓட்டைகள் இருக்கின்றனவே, நெருப்பு வெளியே வராதா?' என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி! உலோகம் சூட்டை விரைவாக வாங்கிப் பரப்பிவிடும். அதனால், வலைக்கு வெளியே உள்ள வாயு தீப்பற்றும் அளவுக்குச் சூடாவதில்லை. வெளிச்சம் வரும், நெருப்பு வராது.

இந்த விளக்கு எச்சரிக்கையும் செய்தது. மீத்தேன் இருந்தால் சுடரின் மேல் நீல நிறம் தோன்றும். பிராணவாயு குறைந்தால் சுடர் மங்கி அணையும். உடனே தொழிலாளர்கள் வெளியேறிவிடுவார்கள்.

காப்புரிமை வாங்கியிருந்தால் டேவிக்குப் பணம் குவிந்திருக்கும். அவர் வாங்கவில்லை. பின்னாளில் ரயில் என்ஜினால் புகழ்பெற்ற ஜார்ஜ் ஸ்டீபன்சனும் அதே 1815-ல் தனியாக ஒரு பாதுகாப்பு விளக்கு செய்தார்.

ஆனாலும், விபத்துகள் அடியோடு நிற்கவில்லை. வலை துருப்பிடித்து ஓட்டை விழுந்தாலோ, காற்று வேகமாக வீசினாலோ சுடர் வெளியே பாய்ந்தது. விளக்கு இருக்கும் தைரியத்தில், வாயு நிறைந்த ஆபத்தான இடங்களிலும் கரி வெட்டினார்கள். நல்ல கருவி இருந்தால் மட்டும் போதாது. கவனமும் வேண்டும் அல்லவா?

இன்று சுரங்கத் தொழிலாளர்களின் தலைக்கவசத்தில், தீப்பொறி வெளிவராதபடி செய்யப்பட்ட எல்.இ.டி. விளக்குகள் ஒளிர்கின்றன. வாயுவைக் கண்டறியத் தனிக் கருவிகள் வந்துவிட்டன.

துளித் தகவல்: குகைகளை ஆராயச் செல்பவர்கள் ஆளுக்கு 3 விளக்குகளாவது எடுத்துச் செல்வார்கள். ஒன்று பழுதானால் இன்னொன்று. அதுவும் கைவிட்டால் மூன்றாவது. இருட்டுக்குள் போகுமுன்பே திரும்பி வரும் வழியை யோசிப்பவர்தான் உண்மையான தைரியசாலி!