உளவுக் கோளும் ரப்பர் வளையமும்

1985ஆம் ஆண்டு ஜனவரி 24. அமெரிக்காவின் கென்னடி ஏவுதளத்திலிருந்து 'டிஸ்கவரி' என்னும் விண்வெளி ஓடம் ஐந்து வீரர்களுடன் கிளம்பியது. முழுக்க முழுக்க இராணுவத்திற்காகவே நடந்த முதல் விண்ணோடப் பயணம் இது. புறப்படும் நேரத்தைக்கூட முன்கூட்டிச் சொல்லவில்லை. ஓர் உந்துகலத்தை வெளியே செலுத்தினோம், அது தன் வேலையைச் செய்தது என்பதோடு விமானப்படை நிறுத்திக்கொண்டது.

அந்த உந்துகலமே பாதி இரகசியத்தைச் சொல்லிவிடுகிறது. விண்ணோடம் சில நூறு கிலோமீட்டர் உயரந்தான் போகும். ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திற்கு ஒரு கோளை அனுப்பத்தான் இத்தகைய உந்துகலம் வேண்டும். அங்கே கோள் பூமியை ஒருமுறை சுற்ற ஒரு நாள் ஆகும். பூமியும் அதற்குள் ஒருமுறை சுழல்வதால், அது ஒரே பகுதியை விட்டு அகலாது. நுணுக்கமான படமெடுக்க அவ்வளவு தொலைவு ஒத்துவராது. வானொலி அலைகளை ஓயாமல் ஒட்டுக்கேட்க மிகவும் ஏற்றது. எனவே அது 'கண்' அன்று, 'காது' என்பதே வல்லுநர் கருத்து.

ஆனால் என்னைக் கேட்டால், அப்பயணத்தின் முக்கியச் செய்தி அட்லாண்டிக் கடலில் வந்து விழுந்தது என்பேன். ஓடத்தின் இரு பக்கமும் உள்ள திட எரிபொருள் ராக்கெட்டுகள் வேலை முடிந்ததும் பாராசூட்டில் கடலில் இறங்கும். பல உருளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்துச் செய்தவை அவை. பிரஷர் குக்கர் மூடியில் இருப்பதுபோல், இணைப்புகளில் ரப்பர் வளையங்கள் இரண்டிரண்டாக இருக்கும். எரியத் தொடங்கியதும் அழுத்தத்தால் உருளை சற்றே புடைத்து, இணைப்பு விரியும். நசுங்கிக் கிடக்கும் வளையம் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் நிமிர்ந்து அந்த இடைவெளியை அடைக்கவேண்டும்.

அவ்வாரம் அங்கே கடுங்குளிர். இணைப்பின் வெப்பநிலை சுமார் 12 டிகிரி செல்சியஸ். மீட்ட ராக்கெட்டை ஆராய்ந்த பொறியாளர் ரோஜர் பாய்ஸ்ஜோலி, முதல் வளையத்தைத் தாண்டி வாயு கசிந்து, இரு வளையங்களுக்கும் இடையிலிருந்த கிரீஸ் கன்னங்கரேலென்று ஆகியிருக்கக் கண்டார். குளிரில் ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் மெதுவாகவே அசையும். வளையம் நிமிரத் தாமதமாகும். (வீட்டு ரப்பர் பாண்டைப் பனிக்கட்டியில் வைத்துச் சோதித்து ஏமாறாதீர்கள். அது இயற்கை ரப்பர். அக்குளிரிலும் நன்றாகவே நீளும். ராக்கெட்டில் இருந்தது சூட்டைத் தாங்கும் செயற்கை ரப்பர்.)

12 டிகிரியிலேயே இந்தக் கதி! ஓராண்டு கழித்து, 1986 ஜனவரி 27 இரவு, மறுநாள் இன்னும் குளிரும் என்று தெரிந்ததும், 'சாலஞ்சர்' ஓடத்தை ஏவவேண்டாமென்று பாய்ஸ்ஜோலியும் சகாக்களும் மன்றாடினர். மேலாளர்கள் கேட்கவில்லை. ஏவியபோது காற்றின் வெப்பநிலை 2 டிகிரி. 73ஆவது நொடியில் ஓடம் சிதறி, எழுவர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் எல்லிசன் ஒனிசூகா. முந்தைய ஜனவரியில் டிஸ்கவரியின் இரகசியப் பயணத்தில் பறந்து பத்திரமாகத் திரும்பிய ஐவரில் அவரும் ஒருவர்.