மாணவப் பருவத்துக் கேள்வி பிள்ளைகளின் பார்வையானது

பிறந்து சில மாதங்களாகியும் குழந்தை தாயின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. விளக்கை மட்டும் வெறித்துப் பார்க்கிறது. கண்கள் ஓரிடத்தில் நிலைக்காமல் ஆடுகின்றன. இத்தகைய குழந்தைகளின் பெற்றோருக்கு நெடுங்காலம் கிடைத்த பதில், "பிறவிக் கோளாறு, ஒன்றும் செய்ய இயலாது" என்பதுதான். அவர்களில் ஒரு சாராருக்கு 2017இல் அந்தப் பதில் மாறியது.

இந்நோயை 1869இல் ஜெர்மானிய மருத்துவர் தியோடர் லெபர் விவரித்தார். இதற்குக் காரணமான 20க்கும் மேற்பட்ட மரபணுக்களில் ஒன்று ஆர்.பி.இ.65. வெளிச்சம் பட்டதும் விழித்திரையின் நிறமி செலவாகிறது. அதை மீண்டும் உருவாக்க உதவும் நொதியை இந்த மரபணுவே தருகிறது. அது பழுதானால், மின்னூட்ட முடியாத பேட்டரியைப் போல் கண் செயலிழக்கிறது.

இதற்குச் சிகிச்சை என்ன? நோய் உண்டாக்காத ஒரு கிருமியின் உள்ளே நல்ல மரபணுவை வைத்து, விழித்திரைக்கு அடியில் ஊசி வழியாகச் செலுத்துகிறார்கள். தபால்காரர் கடிதத்தைச் சேர்ப்பதுபோல் கிருமி அதை உயிரணுவிடம் சேர்க்கிறது.

மரபணுவை விழித்திரைக்குள் செலுத்த முடியுமா என்ற கேள்வி ஜீன் பென்னட், அல்பர்ட் மேகுவையர் இருவரிடையே எழுந்தது 1980களில். அப்போது அவர்கள் ஹார்வர்ட் மருத்துவ மாணவர்கள், பின்னர் தம்பதியர். பாதை எளிதாக இருக்கவில்லை. அவர்கள் பணியாற்றிய பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1999இல் வேறொரு மரபணுச் சிகிச்சைச் சோதனையில் 18 வயது இளைஞர் உயிரிழந்தார். அத்துறையே ஆட்டங்கண்டது. ஆயினும் 2001இல், பிறவியிலேயே பார்வையற்ற லான்சலாட் என்ற நாய்க்குப் பார்வை கிடைத்த செய்தி வெளிவந்தது. 2007இல் மனிதர்களிடம் சோதனை தொடங்கியது. 2017இல் வெளியான இறுதிக்கட்ட ஆய்வில், சிகிச்சை பெற்ற 20 பேரில் 13 பேர் இரவு விளக்கின் மங்கலான ஒளியிலும் தடைகளைத் தாண்டி நடந்தனர். அதே ஆண்டு டிசம்பரில் 'லக்ஸ்டர்னா' என்ற அம்மருந்துக்கு அமெரிக்கா அனுமதி வழங்கியது.

இளம் ஆய்வாளர்களின் சாதனைக்கு இன்னொரு சான்றும் உண்டு. பாசியில் உள்ள ஒளி உணரும் மரபணுவை நரம்பணுவில் செயல்பட வைத்த 2005ஆம் ஆண்டு ஆய்வின் முதல் ஆசிரியர் எட்வர்ட் பாய்டன் அப்போது முனைவர் பட்ட மாணவர். அந்த வழியைப் பின்பற்றி, பார்வையிழந்த 58 வயது ஆடவர் ஒருவர் சிறப்புக் கண்ணாடியின் துணையுடன் மேசைமேல் இருந்த பொருளை அடையாளம் கண்டதாக 2021இல் அறிவிக்கப்பட்டது.

எனினும் மூன்று உண்மைகளை மறக்கலாகாது. லக்ஸ்டர்னா ஆர்.பி.இ.65 பழுதுக்கு மட்டுமே உரியது. விழித்திரை உயிரணுக்கள் மடிந்துவிட்டால் பயனில்லை. அறிமுகமானபோது இரு கண்களுக்கும் அதன் விலை 850,000 அமெரிக்க டாலர்.

நம் சமுதாயம் கவனிக்க வேண்டியதும் ஒன்றுண்டு. தாய், தந்தை இருவரிடமும் அதே பழுதான மரபணு மறைந்திருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர 25 விழுக்காடு வாய்ப்புண்டு. தாய்மாமன், அத்தை மகன் என்று உறவுக்குள் மணமுடிக்கும்போது அந்தப் பழுது இருவரிடமும் இருக்கும் சாத்தியம் கூடுகிறது. எனவே குழந்தையின் பார்வையில் ஐயம் எழுந்தால், "வளர வளரச் சரியாகிவிடும்" என்று காத்திராமல் கண் மருத்துவரை நாடி, மரபணுப் பரிசோதனை பற்றிக் கேட்பதே அறிவுடைமை.

கேள்விக்கும் மருந்துக்கும் இடையே 30 ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்று ஆய்வுக்கூடத்தில் நுழையும் நம் பிள்ளையிடம், "எப்போது சம்பாதிக்கப் போகிறாய்?" என்று கேட்குமுன் இதை ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம்.