வேர்வைக்கு ஓர் இன்ஜின்
(குட்டி இயந்திரங்கள் – 17)

2003 கோடையில் இராக்கில் இருந்த அமெரிக்கத் துருப்புகள் 50 டிகிரியை நெருங்கிய வெயிலில் மார்புக் கவசத்தோடு ரோந்து போனார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பே 100 வாட் வெப்பத்தை வெளியேற்றுகிறது. சுமையோடு நடந்தால் அது 500 வாட் வரை போகும். காற்று உடம்பைவிடச் சூடாகிவிட்டால், வெப்பம் வெளியேற வேர்வை ஒன்றுதான் வழி. அந்த வேர்வை ஆவியாக வேண்டும். கவசத்துக்கு அடியில் அது வழிகிறது, ஆவியாவதில்லை. நச்சுவாயுத் தடுப்பு உடையையும் மாட்டிவிட்டால் தப்பிக்க இடமே இல்லை. குண்டு படாமலே ஆள் செத்துப்போகலாம்.

குளிர்நீர் ஓடும் மெல்லிய குழாய்கள் தைத்த உள்சட்டை புதிதல்ல. 1960களில் பிரிட்டனின் ஃபார்ன்பரோவில் விமானிகளுக்காக உருவானது; அப்போலோ வீரர்கள் அதே வகைச் சட்டையோடு நிலவில் நடந்தார்கள். அந்த நீரைக் குளிர்விக்கும் கருவியைக் காலாட்படை வீரன் எப்படிச் சுமப்பது என்பதுதான் சிக்கல்.

300 வாட் குளிர்ச்சி, நான்கு மணி நேரம். பனிக்கட்டி என்றால் 13 கிலோ. சின்ன கம்ப்ரசர் வைத்தால் அதை ஓட்ட ஏறத்தாழ 600 வாட்-மணி ஆற்றல் வேண்டும்; லித்தியம் பேட்டரியில் அது 3 கிலோ. எரிபொருளிலோ கிலோவுக்கு 12,000 வாட்-மணி அடங்கியிருக்கிறது. பத்தில் ஒரு பங்கை மட்டும் வேலையாக மாற்றும் மட்டமான இன்ஜினுக்குக்கூட அரைக் கிலோ போதும். ஒரு முழு நாள் என்றால் பேட்டரி 18 கிலோ, எரிபொருள் 3 கிலோ. பொறியாளர்கள் இந்தக் கணக்கில் மயங்கியதில் வியப்பில்லை.

ஆனால் அந்தப் பத்தில் ஒரு பங்கை எட்டுவதே பெரும்பாடு. சிலிண்டர் சிறுக்கச் சிறுக்க, உள்ளிருக்கும் வாயுவின் அளவோடு ஒப்பிட்டால் சுவரின் பரப்பு கூடிக்கொண்டே போகிறது. பிஸ்டனைத் தள்ள வேண்டிய வெப்பத்தைச் சுவர் உறிஞ்சிவிடுகிறது. இடுக்கில் வாயு கசிகிறது. எரிந்து முடிக்கவும் நேரம் போதவில்லை. பொம்மை விமான இன்ஜின்கள் ஓடவில்லையா என்றால், அவை மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் கலந்த தனி எரிபொருளில் ஓடுபவை. அமெரிக்க ராணுவமோ டாங்கிக்கும் ஹெலிகாப்டருக்கும் ஜேபி-8 என்ற ஒரே எரிபொருளை நம்பியிருந்தது. அது மண்ணெண்ணெய் இனம். எளிதில் ஆவியாகாது, குட்டி இன்ஜினில் அதைப் பற்றவைப்பதே தவம்.

பற்றிக்கொண்டாலும் என் தயக்கம் தீராது. வீணாகும் ஒன்பது பங்கு எங்கே போகும்? ஏறக்குறைய 1,350 வாட், அதாவது சட்டை உறிஞ்சும் வெப்பத்தைப்போல நான்கு மடங்குக்கும் மேல், வீரனின் முதுகிலிருந்தே வெளியேற வேண்டும். இரவில் வெப்பக் கேமராவுக்கு அவன் தீப்பந்தம். ஓசையை சைலன்சர் குறைக்கும், அதற்கும் எடை உண்டு. கூடும் எடை உடம்பை மேலும் சூடாக்கும். ஒளிந்திருப்பதே உயிர்க்காப்பாக இருக்கிறவன் முதுகில் இதை ஏற்ற என் மனம் ஒப்பவில்லை. ஹெலிகாப்டரிலும் டாங்கியிலும் மின்சாரம் ஏற்கெனவே இருக்கிறது; குளிர்சட்டை அங்கே பிழைத்துக்கொண்டது.

ஜார்ஜியாவின் ஃபோர்ட் பென்னிங் பயிற்சி முகாமில் வேறு வழி பிடித்தார்கள். ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் வீரர்கள் முழங்கை வரை கையை அமிழ்த்துகிறார்கள். கையின் ரத்தக் குழாய்களில் குளிர்ந்த ரத்தம் உடம்புக்குத் திரும்புகிறது. பயிற்சிக் களத்துக்கு இது போதும். ரோந்துக்குத் தொட்டியைத் தூக்கிப்போக முடியாதே.

அதனால் இன்ஜின் ஆசை விடவில்லை. எம்.ஐ.டி.யில் ஆலன் எப்ஸ்டைன் குழு சிலிக்கானில் செதுக்க முயன்ற நாணய அளவு டர்பைனை அடுத்த வாரம் பிரித்துப் பார்ப்போம்.

(தொடரும்)