வாடகைக் கட்டடங்களில் எரிவாயு: விபத்துக்குப் பிறகே தேடப்படும் பொறுப்பாளி

புது தில்லி: பல நிறுவனங்கள் வாடகைக்கு இயங்கும் ஒரே வளாகத்தில் வாயுக் கசிவோ, தீ விபத்தோ நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? நீண்ட காலமாக நீடித்து வரும் இக் கேள்விக்கு, 2025 நவம்பர் 21-ம் தேதி நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பு ஒரு விடையை அளித்துள்ளது. ஆனால், அந்த விடை சிறு ஊர்களின் வாடகைக் கடைகளையும் பட்டறைகளையும் எட்டவில்லை.

தமிழக எல்லைக்கு அருகே, ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தில் உள்ள கார்வேட்டிநகரம் ஒரு காலத்தில் ஜமீனின் தலைநகராக விளங்கியது. இன்று அது ஒரு மண்டலத் தலைமையிடம். இத்தகைய ஊர்களில் சிற்றுண்டிக் கடைகளும் இனிப்புக் கடைகளும் வெல்டிங் பட்டறைகளும் பெரும்பாலும் வாடகைக் கட்டடங்களில்தான் இயங்குகின்றன. வாடகை ஒப்பந்தத்தில் முன்பணம், மின் கட்டணம் எல்லாம் எழுதப்படுகின்றன. எரிவாயுக் குழாயை யார் சோதிப்பது, சிலிண்டரை எங்கே வைப்பது என்பவை எழுதப்படுவதில்லை.

சித்தூர் கற்ற பாடங்கள்: இம் மாவட்டத்துக்கு வாயு விபத்துகள் புதியவை அல்ல. 2018 பிப்ரவரி 16-ம் தேதி பலமனேர் அருகே உள்ள மொரம் கிராமத்தில், கோழிக்குஞ்சு பொரிப்பகம் ஒன்றின் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்தபோது விஷவாயு தாக்கி 7 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். முதலில் இறங்கி மயங்கியவர்களைக் காப்பாற்ற முயன்றவர்களும் பலியாயினர். 2020 ஆகஸ்ட் 20-ம் தேதி பூதலப்பட்டு அருகே ஒரு பால் பதப்படுத்தும் ஆலையில் அமோனியா கசிந்ததில், பத்துக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். மாம்பழக்கூழ் ஆலைகளும் பால் குளிரூட்டும் நிலையங்களும் நிறைந்த மாவட்டம் என்பதால், குளிர்பதனத்துக்குப் பயன்படும் அமோனியா குறித்த எச்சரிக்கை இங்கு கூடுதலாகத் தேவைப்படுகிறது.

இவற்றைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. நச்சு வாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள், தகுதி வாய்ந்தவர் சோதித்து எழுத்துப்பூர்வமாகச் சான்று அளித்த பின்னரோ, சுவாசக் கருவியும் கயிற்றுடன் கூடிய இடுப்புப் பட்டையும் அணிந்தோதான் இறங்க வேண்டும் என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-வது பிரிவு கூறியது.

தில்லி தந்த தீர்ப்பு: 1984-ல் போபால் பேரழிவு நிகழ்ந்து ஓராண்டு கழிந்த நிலையில், 1985 டிசம்பர் 4-ம் தேதி தில்லியில் ஸ்ரீராம் நிறுவன ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. அபாயகரமான தொழிலில் ஈடுபடும் நிறுவனம், அதனால் விளையும் தீங்குக்கு எவ்வித விதிவிலக்குமின்றி முழுப் பொறுப்பேற்க வேண்டும் என இந்த வழக்கில் 1986 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே தொழிற்சாலைகள் சட்டத்தில் அபாயகரமான தொழில்களுக்கெனத் தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது. எனினும், பெரிய ஆலைகளை மனதில் கொண்டே இந்த ஏற்பாடுகள் செய்யப்பட்டன.

பல நிறுவனங்கள் ஒட்டி அமைந்த இடத்தில் காரணத்தைக் கண்டறிவதே கடினம். 2022 ஜூன் மற்றும் ஆகஸ்ட் மாதங்களில் விசாகப்பட்டினத்தை அடுத்த அச்சுதாபுரத்தில், ஆடைத் தொழிற்பூங்கா ஒன்றில் இயங்கிய ஆலையில் இருமுறை நச்சுக்காற்றைச் சுவாசித்து நூற்றுக்கணக்கான பெண்கள் பாதிக்கப்பட்டனர். முதலில் அருகிலிருந்த மருந்து ரசாயன நிறுவனத்தின் மீது சந்தேகம் விழுந்தது. பின்னர், குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லி மாதிரிகளில் கண்டறியப்பட்டதாக மாநில அரசு தெரிவித்தது.

யாருக்குப் பொருந்தும்?: பழைய சட்டத்தின் 93-வது பிரிவு, தனித்தனித் தளங்களைப் பல தொழிற்சாலைகளுக்கு வாடகைக்கு விடும் உரிமையாளருக்குத் தீத்தடுப்பு, மாடிப்படி, மின்தூக்கி போன்றவற்றில் பொறுப்பைச் சுமத்தியது. புதிய சட்டத் தொகுப்பு ஒரு படி மேலே சென்று, பாதுகாப்பு, தீத்தடுப்பு, காற்றோட்டம், அவசரகால ஆயத்தம் உள்ளிட்ட பொது வசதிகளுக்கு உரிமையாளரும் வாடகைக்கு இயங்கும் தொழிற்சாலைகளும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்கிறது.

சிக்கல் வரையறையில் உள்ளது. மின்சக்தி பயன்படுத்தும் இடத்தில் 10 தொழிலாளர்கள் இருந்தாலே தொழிற்சாலை என்றிருந்த நிலை மாறி, அந்த எண்ணிக்கை 20 ஆக உயர்ந்துள்ளது. மின்சக்தி இல்லாத இடத்தில் 20 என்பது 40 ஆகியுள்ளது. பொதுவாக 10 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்குச் சட்டத் தொகுப்பே பொருந்தாது. உயிருக்கு ஆபத்தான தொழில்களை அரசு அறிவிக்கை செய்தால் மட்டுமே அவற்றுக்கு விலக்கில்லை. நான்கைந்து பேர் வேலை செய்யும் வாடகைக் கடை இயல்பாகவே வெளியே நின்றுவிடுகிறது.

எரிவாயு விதிகளிலும் இதே நிலைதான். 2016-ம் ஆண்டு எரிவாயு சிலிண்டர் விதிகளின்படி, 100 கிலோ வரை சமையல் எரிவாயு வைத்திருக்க உரிமம் தேவையில்லை. 19 கிலோ வணிக சிலிண்டர்கள் ஐந்தை அடுக்கினால் 95 கிலோதான். அதாவது, ஒரு சிறிய அறையில் ஐந்து சிலிண்டர்கள் இருந்தாலும், உரிமத்துக்கான ஆய்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படிந்து, தாழ்வான இடங்களில் தேங்கும். காற்றோட்டமற்ற பின்னறையில் ஒரு மின் சுவிட்சின் பொறியே போதும். கடைகளில் வீட்டு உபயோக சிலிண்டரைப் பயன்படுத்துவது 2000-ம் ஆண்டு ஆணையின்படி குற்றம் எனினும், அதுவும் தொடர்கிறது.

பிரிட்டனில் 1998-ம் ஆண்டு விதிகளின்படி, பணியிடத்தின் எரிவாயுக் கருவிகளையும் குழாய்களையும் பாதுகாப்பான நிலையில் பராமரிப்பது, அவற்றைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துள்ள முதலாளியின் கடமை. குடியிருப்பை வாடகைக்கு விடுபவர் ஆண்டுக்கு ஒரு முறை சோதனை நடத்தியாக வேண்டும். பதிவு பெற்ற பணியாளரே அதைச் செய்ய முடியும். அங்கு ஆள் எண்ணிக்கை அளவுகோல் அல்ல. எரிவாயு இருப்பதே அளவுகோல்.

தொழிலாளர் நலன் பொதுப் பட்டியலில் இருப்பதால், மாநில அரசுகளுக்கும் இதில் பங்கு உண்டு. சிலிண்டர் வைக்கும் இடம், குழாய் சோதனை, காற்றோட்டம் ஆகியவற்றில் உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் கடமையையும் வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதச் செய்து, ஊராட்சிகளும் நகராட்சிகளும் தொழில் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது அதைக் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். இதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பொறுப்பாளியின் பெயர், முதல் தகவல் அறிக்கையில் இடம்பெறுவதற்கு முன்பே ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும்.