செங்கல்பட்டு ஜங்ஷன் மேஜை மேல் ஏறுமா?

தீப்பெட்டிகளைக் கோத்து, 'கூ... சிக்குபுக்கு' என்று ரயில் ஓட்டியிருக்கிறீர்களா? இந்த விளையாட்டையே பெரியவர்கள் பலர் ஒரு கலையாகச் செய்கிறார்கள். தண்டவாளம், ஸ்டேஷன், பாலம், மரம், மனிதர்கள் என எல்லாவற்றையும் ஒரே அளவில் சிறிதாக்கி, மேஜை மேல் அமைக்கிறார்கள். இதுதான் மாதிரி ரயில்பாதை.

இதில் முதல் கேள்வியே, 'எந்த ஊரைப் பார்த்துச் செய்வது?' என்பதுதான். மனம் போனபடி செய்தால் அது பொம்மை. உண்மையான ஓர் இடத்தைப் பார்த்துச் செய்தால்தான் மாதிரி!

இது நமக்குப் புதிதல்ல. மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களைப் பார்த்திருப்பீர்களே! திரௌபதி ரதம், கூரை வேய்ந்த குடிசை போலவே இருக்கும். பீம ரதத்தின் கூரையோ வண்டிக் கூண்டு போல வளைந்திருக்கும். 7ம் நூற்றாண்டுப் பல்லவர் காலச் சிற்பிகள், கூரை வீடுகளையும் மரக் கட்டடங்களையும் பார்த்துப் பாறையில் செதுக்கியவை இவை. அந்த வீடுகள் மண்ணோடு மண்ணாகிவிட்டன. அவற்றின் உருவத்தை நமக்குச் சொல்ல, இந்தக் கல் மாதிரிகள் நிற்கின்றன!

மாமல்லபுரத்துக்கு ரயில் கிடையாது. சுமார் 30 கி.மீ. தள்ளியுள்ள செங்கல்பட்டுக்குப் போவோமா? சென்னையிலிருந்து வரும் பாதை அங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பாலாற்றைத் தாண்டி விழுப்புரம் போகிறது. மற்றொன்று காஞ்சிபுரம் வழியாக அரக்கோணம் போகிறது. ஸ்டேஷனை ஒட்டியே கொளவாய் ஏரி! மாதிரி செய்ய அருமையான இடம்தான்.

ஆனால், முழுவதையும் செய்ய முடியுமா? கணக்குப் போடுவோம். உலகில் பலரும் பயன்படுத்தும் அளவு, 87ல் ஒரு பங்கு. 24 பெட்டி விரைவு ரயிலின் நீளம் அரை கிலோமீட்டருக்கும் மேல். அதை 87ஆல் வகுத்தால் சுமார் 6 மீட்டர். ரயில் மட்டுமே வீட்டுக் கூடத்தை அடைத்துவிடும்!

அதனால், ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏரிக்கரை, ஒரு பிளாட்பாரம், மூன்று பெட்டிகள் போதும். ஒரு பெட்டி சுமார் 25 செ.மீ., ஓர் ஆள் 2 செ.மீ., உயர்ந்த பனைமரம் 20 செ.மீ. வரும். தொலைவிலிருந்து பார்த்தாலும், 'அட, இது செங்கல்பட்டு!' என்று சொல்ல வைப்பது ஏரிதான். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, எந்தக் காலம்? இன்றைய அகலப்பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மி.மீ. இடைவெளி. முன்பு செங்கல்பட்டில் ஓடியது மீட்டர் கேஜ். இடைவெளி 1,000 மி.மீ. மட்டுமே. மாதிரியில் முதலாவது 19 மி.மீ., இரண்டாவது பதினொன்றரை மி.மீ. வரும். சென்னை கடற்கரை - தாம்பரம் இடையே 1931ல் தொடங்கிய மீட்டர் கேஜ் மின்சார ரயிலும் 2004ல் நின்றுவிட்டது. ஆகவே, பழைய காலத்தைத் தேர்ந்தெடுத்தால் நேரில் போய்ப் பார்க்க முடியாது.

ஆனால், உங்கள் தாத்தா பாட்டி அதில் பயணம் செய்திருக்கலாமே! பெட்டியின் நிறம் என்ன, இருக்கை எப்படி இருந்தது, ஸ்டேஷனில் என்ன விற்றார்கள் என்று இன்றே கேட்டு, நோட்டில் எழுதுங்கள். அவர்கள் சொல்லாமல் விட்டதை யாரிடம் போய்க் கேட்பது?

இன்றைய ஸ்டேஷனைப் பார்க்க, பெரியவர்களுடன் போய் பிளாட்பாரத்தில் நின்றே படம் வரையுங்கள். தண்டவாளத்தில் இறங்கவே கூடாது!

செங்கல்பட்டுதான் என்றில்லை குட்டீஸ், உங்கள் ஊர் ஸ்டேஷனும் அழகுதான். அட்டை, பசை, அளவுகோல் தயாரா?