பழைய அம்பாசடர் திணறினால்...

2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் கார் இன்னும் நம்மில் சிலரிடம் ஓடுகிறது. சென்ற சித்திரை வெயிலில், சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலத்தில் நமது பெட்ரோல் அம்பாசடர் திணறி நின்றுவிட்டது. பார்க்க வந்த மெக்கானிக், "என்ஜினையே இறக்க வேண்டும்" என்றார். பல ஆயிரம் செலவாகுமே என்று கலங்கினோம். அவ்வழியே வந்த வயதான டிரைவர் ஒருவர் பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றினார். சற்று நேரத்தில் வண்டி கிளம்பிவிட்டது! என்ஜினை ஒட்டியுள்ள பம்ப் சூடேறி, உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிட்டதால் கார்புரேட்டருக்கு வரத்து நின்றிருக்கிறது. சூடு தணிந்த பிறகும் திணறினால் ஃபில்டர் அடைப்பு, பம்ப் டயாபிரம் கிழிசல் இவற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள். என்ஜினைப் பிரிப்பது கடைசி வேலை. சரக்கு வராத கடையில் தராசை மாற்றி என்ன பயன்?