அடுப்பு இல்லாமல் சுடும் தண்ணீர்

மாணவர்களே, நீலாயிலிருந்து நெடுஞ்சாலையில் தெற்கே போயிருக்கிறீர்களா? சிரம்பானைத் தாண்டியதும் 'பெடாஸ் லிங்கி' என்ற பெயர்ப்பலகை வரும். பெடாஸ் என்றால் மலாய் மொழியில் காரம். ஆனால், அந்த ஊருக்குப் பலர் போவது காரத்துக்காக அல்ல, சூட்டுக்காக! அங்கே பூமிக்குள்ளிருந்து வெந்நீர் ஊறி வருகிறது.

நம் தீபகற்பத்தில் உயிருள்ள எரிமலை எதுவும் இல்லை. பிறகு தண்ணீரைச் சூடாக்குவது யார்?

பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் வெப்பம் ஏறக்குறைய 25 பாகை செல்சியஸ் உயரும். மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியாக இரண்டு கிலோமீட்டர் ஆழம் வரை இறங்குவதாக வைத்துக்கொள்வோம். மேலே 27 பாகையாக இருந்த நீர், கீழே 77 பாகையை எட்டிவிடும். நம் நாட்டின் கருங்கல் பாறைகளில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகிய தனிமங்கள் உள்ளன. அவற்றின் கதிரியக்கச் சிதைவும் வெப்பம் தருகிறது. சூடான நீர், நிலப்பிளவு ஒன்றின் வழியே விரைவாக மேலேறினால் வெந்நீர் ஊற்றாகும். மெதுவாக ஏறினால் வழியிலேயே ஆறிவிடும். வெந்நீர் ஊற்றுகள் எல்லா ஊரிலும் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

துருக்கியில் உள்ள பாமுக்கலே என்ற இடத்தின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். மலைச்சரிவில் வெள்ளை வெளேரென்று படிப்படியாகக் குளங்கள் இருக்கும். குளிர்காலத்தில் அவற்றிலிருந்து புகைபோல ஆவி எழும். உண்மையில் அது புகையல்ல. வெதுவெதுப்பான நீரின் ஆவி குளிர்ந்த காற்றில் பட்டு, நுண்ணிய நீர்த்துளிகளாக மாறுகிறது. மழைக்கால விடியலில் பெடாஸ் போன்ற இடங்களிலும் இதைக் காணலாம். பிற்பகல் வெயிலில் அவ்வளவாகத் தெரியாது.

அந்த வெள்ளைப் படிகள் ஏன் நம்மிடம் இல்லை? பாமுக்கலேயில் நீர் சுண்ணாம்புப் பாறை வழியாக வருகிறது. கரியமில வாயு கலந்த நீர் சுண்ணாம்பைக் கரைத்துச் சுமந்து வரும். வெளியே வந்ததும், சோடா புட்டியைத் திறந்ததுபோல அழுத்தம் குறைந்து வாயு வெளியேறும். சுமக்க முடியாத சுண்ணாம்பு, கால்சியம் கார்பனேட்டாகப் படியும். நம் வெந்நீர் ஊற்றுகள் பெரும்பாலும் கருங்கல்லை ஒட்டியவை. கருங்கல்லில் கரைவதற்கு அவ்வளவு சுண்ணாம்பு இல்லை.

ஆனால், அதே வேதியியலை நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்கள். தைப்பூசத்துக்குப் பத்துமலை போனபோது, குகையின் கூரையிலிருந்து தொங்கும் கல் விழுதுகளை அண்ணாந்து பார்த்தீர்கள் அல்லவா? அவையும் நீர் விட்டுச் சென்ற சுண்ணாம்புதான். அங்கே குளிர்ந்த நீர், பாமுக்கலேயில் வெந்நீர். வேறுபாடு அவ்வளவே.

இப்படிப் படிவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும். கெடுவதற்கு ஒரு தலைமுறை போதும். பாமுக்கலேயின் உச்சியில் தங்கும் விடுதிகள் கட்டப்பட்டு, ஊற்றுநீர் அவற்றின் குளங்களுக்குத் திருப்பப்பட்டது. வெள்ளைப் படிகள் மங்கின. 1988இல் அந்த இடம் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பின்னர் விடுதிகள் இடிக்கப்பட்டன. இன்று அந்தப் படிகளில் காலணியோடு நடக்க அனுமதி இல்லை.

விடுமுறையில் வெந்நீர் ஊற்றுக்குப் போகிறீர்களா? ஊற்றுக்கண்ணில் கை வைக்காதீர்கள். 60 பாகை நீர் சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். குளிக்கும் குளத்திலும் முதலில் காலை மட்டும் நனைத்துப் பாருங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் வெளியே வந்து, தண்ணீர் குடியுங்கள். தலையை மூழ்க விடாதீர்கள். வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் 'நெக்லேரியா' என்ற அமீபா, மூக்கு வழியே மூளைக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து.

போகும்போது ஒரு வெப்பமானியையும் குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். குளத்து நீரின் வெப்பத்தை அளந்து, மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்கள் காலை நனைக்கும் நீர் எவ்வளவு ஆழம் போய் வந்திருக்கும்? நீர் வழியில் ஆறியும் இருக்கும் என்பதால், உங்களுக்குக் கிடைக்கும் விடையைவிட உண்மை ஆழம் கூடுதலாகவே இருக்கலாம்.